கேட் திறக்கும் வரை

செங்கல்பட்டு ரயில் கேட்டில் பேருந்து நிற்கிறது. குலுங்காமல் நிற்கும் இந்தச் சில நிமிடங்களுக்குள் அம்மா வேண்டாவுக்கு நாலு வாயாவது ஊட்டிவிட வேண்டும் என்று வெங்கடேசன் தூக்குச்சட்டியைத் திறந்திருக்கிறான். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவளுக்கு விழுங்குவதே பெரும்பாடு. குனிந்து விழுங்க வேண்டும், ஒரு வாய் இறங்கிய பிறகுதான் அடுத்தது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருக்கிறாள். முதல் வாயே இன்னும் இறங்கவில்லை. குழைந்த மோர்ச்சோறு இடது கன்னத்தில் உருண்டையாகப் புடைத்து நிற்கிறது. நிற்பவர்களின் பைகள் அவன் தோளை அழுத்துகின்றன. தகரக் கூரை வழியே வெயில் இறங்க, டீசல் வாடையில் தொண்டை கமறுகிறது. அவள் விழுங்க முயலும் ஒவ்வொரு முறையும் அவன் தொண்டைதான் ஏறி இறங்குகிறது. ரயில் தடதடத்துக் கடந்துபோகிறது. "கேட்ட தூக்கிட்டான். மூடி வைப்பா, வண்டி குதிக்கும்" என்கிறார் கண்டக்டர். வெங்கடேசன் உள்ளங்கையை அவள் வாயருகே ஏந்துகிறான். "துப்பிடும்மா. பொரையேறிடப் போவுது." அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டுகிறாள். சோற்றைத் துப்பியதற்காக அஞ்சு வயதில் அவன் முதுகில் ஓங்கி வைத்தவள் இவள்தான். நாற்று நட்டுக் காய்த்த கை. "இன்னாம்மா நீ, துப்பு" என்று கெஞ்சுகிறான். எஞ்சின் உறுமுகிறது. வண்டி தண்டவாளத்தில் ஏறித் தூக்கிப் போட, கோணிய உதட்டோரத்திலிருந்து அவன் உள்ளங்கையில் ஒரே ஒரு பருக்கை விழுகிறது. வேண்டா விரலால் அதை ஒற்றியெடுத்து, மறுபடியும் வாய்க்குள் வைத்துக்கொள்கிறாள்.