இருபத்திரண்டாவது கொடி

இருபத்திரண்டாவது கொடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.

நான் எடுக்கவில்லை. என்னைக் கூப்பிடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் உரக்கடைக்காரர். இன்னொருத்தி, எனக்கு ஏதோ பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லும் முகம் தெரியாத பெண். இரண்டு பேரும் காத்திருக்கட்டும்.

திராட்சைத் தோட்டத்தில் இது கடைசி வரிசை. வீட்டுப் பின்கதவிலிருந்து நாலு எட்டு. இந்த வரிசையில் மொத்தம் நாற்பது கொடி. மற்ற வரிசைகளுக்கெல்லாம் நேற்றே அடித்து முடித்துவிட்டேன்.

இந்த வரிசைக்கு மட்டும் இதுவரை இந்த மருந்தை நான் காட்டியதில்லை.

மற்ற மருந்துகள் இலைமேல் உட்காரும். ஒரு மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். இது அப்படியில்லை. இலை வழியாக உள்ளே இறங்கி, கொடிக்குள் ஓடி, பழம்வரை போய்ச் சேரும். எத்தனை கழுவினாலும் போகாது. அடித்தால் பதினான்கு நாளைக்குப் பழத்தை வாயில் வைக்கக் கூடாது.

சாம்பல் நோய் வருஷா வருஷம் முதலில் இங்கேதான் வந்து இறங்கும். இலையெல்லாம் மாவு தூவியதுபோல வெள்ளை. கெட்ட இலையைக் கையால் கிள்ளிக் கிள்ளியே காலத்தை ஓட்டினேன். பாதிப் பழம் தேறும். மீதி வெடித்துக் காய்ந்துபோகும்.

இந்த ஒரு வரிசையை நோய்க்கென்று எழுதிவைத்திருக்கிறீர்களா என்று உரக்கடைக்காரர் கிண்டல் செய்வார். அடித்ததற்கும் அடிக்காததற்கும் வித்தியாசம் பார்க்கிறேன் என்று கதை விடுவேன். ஒரு மனிதன் ஏழு வருஷமாக என்னதான் வித்தியாசம் பார்ப்பான் என்று அவர் கேட்டதில்லை. நல்லவர்.

இந்த வருஷம் நோய் பக்கத்து வரிசைக்கும் தாவிவிட்டது. ஒரு வரிசைக்காகத் தோட்டத்தையே காவு கொடுக்க முடியுமா?

போதும், விட்டுவிடலாம் என்று தோன்றியது. எதை என்று கேட்காதீர்கள்.

காலையில் மருந்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்து கலக்கினேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. பரிசுக்காரிக்கு இத்தனை பொறுமை கிடையாது. முகமூடியை இறக்கிவிட்டு, ஒரு கையுறையைக் கழற்றி எடுத்தேன்.

"அப்பா, நான்தான். ஞாயித்துக்கிழமை வர்றோம். பாப்பாவுக்குக் கொடியிலேருந்தே பறிச்சுத் திங்கணுமாம்."

என் மகள்.

ஏழு வருஷம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு. அவள் அம்மா தவறிப்போன பிறகு, தோட்டத்தை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்றாள். விற்கச் சொல்கிறவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டேன். என் நாக்கில் சனி. அன்றைக்குப் போனவள்தான். எனக்குப் பேத்தி பிறந்ததைக்கூட உரக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்படி ஒரு நாள் கூப்பிட்டால் என்ன பேசுவது என்று எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஒற்றைத் தட்டைக் கழுவும்போது, விளக்கை அணைக்கும்போது. 'வா கண்ணு' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும் என்பதுவரை முடிவாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். எதிரே கறுக்கத் தொடங்கிய குலைகளில் மருந்து ஈரமாக மின்னியது.

"இப்ப வேணாம். பதினாலு நாள் கழிச்சு வாங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அதே நாக்கு. அதே வெட்டு.

வைத்துவிட்டாள் என்று நினைத்துத் திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. காரணத்தை எங்கே தொடங்கிச் சொல்வது என்று தேடினேன். ஏழு வருஷம் யாரோடும் சரியாகப் பேசாதவனுக்கு அவசரத்துக்குப் பேச்சு வருமா?

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தத் தோட்டத்தில் வளர்ந்தவள் அவள். எந்த மருந்துக்கு எத்தனை நாள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"அப்பா," என்றாள். குரல் சின்னப் பிள்ளைக் குரலாகியிருந்தது. "என் வரிசைக்குமா அடிச்சிட்டீங்க?"

தெளிப்பானின் விசையிலிருந்து இன்னொரு கையை எடுத்தேன்.

"பாதிக்குத்தாம்மா," என்றேன். "பதினெட்டுக் கொடி பாக்கி இருக்கு."