முறைக்கிறவள்

"நான் யாரையும் முறைக்கல டாக்டர். என் கண்ணு இப்படி ஆயிடுச்சு."

சொல்லும்போதும் அவள் முறைப்பது போலத்தான் இருந்தது. இரண்டு விழிகளும் பிதுங்கி, கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரிந்தது. தைராய்டு கழுத்தோடு நிற்காமல் கண்ணிலும் தன் வேலையைக் காட்டியிருந்தது. ஸ்கேன் டாக்டருக்கு இது அடிக்கடி பார்க்கிற முகம்தான். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரிய வேண்டுமே!

கணவன் வெளியே அவள் பெயரைப் பதியப் போயிருந்த நேரத்தில் அவள் மடமடவென்று கொட்டித் தீர்த்தாள். மாமியார் ஒரு வேலை சொன்னால் முறைக்கிறாளாம். நாத்தனார் பிள்ளை இவளைப் பார்த்தாலே வீரிட்டு அழுகிறதாம். தூங்கும்போது இமை முழுசாக மூடுவதில்லை. அதனால் தூங்குகிற மாதிரி நடித்து வேவு பார்க்கிறாளாம். கல்யாணமாகி ஒன்றரை வருஷமாக இதே பாட்டு. போன மாதம் எல்லோரும் கூடிப் பேசி, இந்தத் திமிர் பிடித்தவளை அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எதற்கும் ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று தடுத்தவன் கணவன்தான்.

"ஏதாவது நோய்னு வந்துடணும் டாக்டர். ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா என் வாழ்க்கையே போச்சு."

நோய் இருக்க வேண்டுமே என்று தவிக்கிற நோயாளியை டாக்டர் அன்றைக்குத்தான் பார்த்தார். மனசு கேட்கவில்லை. கணவன் உள்ளே வந்ததும், அவனையும் ஸ்கேன் திரைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

முடிந்த மட்டும் கண்ணை மூடச் சொல்லி, இமை மேல் ஜெல் தடவி, கருவியை மெல்ல வைத்தார். மூடிய இமைக்குள்ளேயே மேலே பார், இடது பக்கம் பார் என்றார். திரையில் கண்ணும் அதற்குப் பின்னால் இருக்கும் குழியும் தெரிந்தன.

"நல்லா பாருங்க. கண்ணை அசைக்கிற தசை இது. ரெண்டு மடங்கு தடிச்சுக் கெடக்கு. பின்னால இடம் பத்தாம கண்ணை முன்னால தள்ளுது. இவங்க முறைக்கவே இல்லைங்க."

ஒன்றரை வருஷமாக ஒரு வீடே கூடி ஒரு தசையோடு சண்டை போட்டிருக்கிறது.

கணவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பஞ்சை எடுத்து, அவள் இமையில் இருந்த ஜெல்லைத் தானே துடைத்துவிட்டான். அவள் உடைந்து அழுதாள். கல்யாணமானதிலிருந்து அவன் அப்படித் தொட்டதே இல்லை போலிருக்கிறது.

"இது எப்பலேர்ந்து இருக்கும் டாக்டர்? சொல்லுங்க, எங்க அம்மா வாயை அடைக்கணும்."

புது வீக்கம் திரையில் கறுப்பாகத் தெரியும். நாள்பட்டுத் தழும்பேறிவிட்டால் வெளுத்துத் தெரியும். இவளுடையது வெளுத்திருந்தது, பழசு, அதில் சந்தேகமில்லை. அதற்காக இத்தனை வருஷம் என்று அடித்துச் சொல்ல எந்த ஸ்கேனாலும் முடியாது. ஆனால் அந்த மாமியாரை நினைத்தாலே டாக்டருக்கு ஆத்திரமாக வந்தது. வந்த நாளிலிருந்தே இந்தப் பெண் முறைக்கவில்லை என்று அந்த அம்மாவுக்கு உறைக்க வேண்டாமா?

"மூணு வருஷமாவது இருக்கும்" என்றார்.

"அதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க டாக்டர். வாயால சொன்னா நம்ப மாட்டாங்க."

டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனோடு வெளியே போனான். அவள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இனி எனக்கு நல்ல காலம்தான் டாக்டர், எல்லாம் உங்க புண்ணியம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"கெடைச்சிருச்சு வக்கீல் சார். கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்த நோய், மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்கன்னு இனிமே தாராளமா கேஸ் போடலாம். டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க."

டாக்டரின் கையிலிருந்து அவள் கை நழுவியது. கதவையே பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் நிஜமாகவே முறைத்தாள்; பக்கத்தில் நின்ற டாக்டருக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை.