எட்டு முறை ‘சரியில்லை’

“சரியில்லைம்மா” என்று ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார் காதுக்காரர்.

இதோடு ஏழாவது முறை.

“என்ன சார் சரியில்லை?” என்றாள் அவள்.

“சத்தம் முடியற இடத்துல என்னமோ இடிக்குது.”

“போன தடவை ஆரம்பத்துல இடிக்குதுன்னீங்க.”

“அது அப்போ. இன்னும் ஒரு மாசம் எடுத்துக்கயேன். உன்னை யார் விரட்டறா?”

அந்தக் கம்பெனி விற்பது, ஒலிப்பதிவு மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் ஒரே ஒரு பிளக்-இன். சின்ன அறையில் பாடிப் பதிந்ததை, பெரிய மண்டபத்தில் பாடியதுபோல் ஒலிக்கச் செய்யும். ஒலிப்பதிவுக் கூடங்களில் நல்ல பெயர். ஆனால் காசு கொடுத்து வாங்கும் இயங்குதளங்களில்தான் ஓடும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் லினக்ஸில் ஓடாது. எங்களுக்கும் கொடுங்கள் என்று நானூற்றுப் பதினாறு பேர் எழுதிக் கேட்டிருந்தார்கள்.

லினக்ஸில் ஓடும்படி அதை மாற்றி எழுதத்தான் அவளை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். “முடிச்சுக் குடும்மா, நிரந்தரமாக்கிடறேன்” என்றிருந்தார் முதலாளி. ஆறே மாதத்தில் முடித்துவிட்டாள். ஆனால் காதுக்காரர் கேட்டுக் கையெழுத்துப் போடாமல் எதுவும் அங்கிருந்து வெளியே போகாது. இருபத்திரண்டு வருட வழக்கம் அது. அந்த ஒரு கையெழுத்துக்காக மேலும் எட்டு மாதம் ஓடிவிட்டது.

“அந்த மனுஷனுக்கு உன்மேல என்னதான் கோபம்?” என்றான் கணவன்.

“அதான் தெரியலை. காலையில ‘சாப்பிட்டியாம்மா’ங்கறார். மத்தியானம் ‘சரியில்லை’ங்கறார். தப்பு என் வேலையிலயா, அவர் காதுலயா, ஒண்ணும் புரியலை. தலையைப் பிச்சுக்கலாம்போல இருக்கு.”

எட்டாவது முறை அவள் ஒரு காரியம் செய்தாள். நான்கு வருடமாக விற்றுக்கொண்டிருக்கும் பழைய பிளக்-இன்னில் ஒரு பாட்டை ஓட்டி, மேலே ‘லினக்ஸ்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடிப் பாட்டு. கண்ணை மூடி முழுக்கக் கேட்டார்.

“ம்ஹும். இன்னும் வரலைம்மா.”

அவள் நேராக முதலாளி அறைக்குப் போனாள். காதுக்காரரையும் கூப்பிட்டார்கள்.

“சார், இவர் இன்னைக்குச் சரியில்லைன்னு சொன்னது நம்ம பழைய பிளக்-இன். நாலு வருஷம் முன்னாடி இவரே கையெழுத்துப் போட்டது.”

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இப்போ பழசையும் என்னோடதையும் சேர்த்து ஓட விடறேன். ஒண்ணைத் தலைகீழாத் திருப்பியிருக்கேன். துளி வித்தியாசம் இருந்தாலும் அது மட்டும் தனியாக் கேக்கும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும்.”

ஓட விட்டாள். முதலாளி ஒலியைக் கடைசிவரை கூட்டினார். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

“என்ன சார் இது? காது போச்சா உங்களுக்கு?”

காதுக்காரர் அவளைப் பார்த்தார்.

“வயசாச்சு இல்லையா? போயிருக்கும்” என்றார்.

“எட்டு மாசத்தை வீணடிச்சிருக்கீங்க. இதுல கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்புங்க. இனிமே உங்க காதை நம்பி நான் எதையும் வெளியே விட முடியாது.”

கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார் காதுக்காரர்.

“வேற எங்கயாவது வேலைக்கு எழுதிப் போட்டிருக்கியாம்மா?”

செய்ததெல்லாம் செய்துவிட்டு நக்கல் வேறா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் எதுக்கு சார் போடணும்? இனிமே உங்களுக்குத்தான் தேவைப்படும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார்.

மூன்று மணிக்கு, கம்பெனிக் கடிதங்களை எல்லாம் அடிக்கும் அக்கா ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். நிரந்தர வேலைக் கடிதம்தான் என்று அவள் சிரித்துக்கொண்டே பிரித்தாள்.

‘தங்கள் பணி ஒப்புதல் பெற்றுவிட்டதால், தங்கள் ஒப்பந்தம் இன்றுடன் முடிகிறது. நன்றி.’

“அக்கா, ஆள் மாத்திக் குடுத்துட்டீங்க.”

“உனக்குத்தான்.”

“நிரந்தரமாக்கறேன்னு சொன்னாரே?”

“எல்லார்கிட்டயும் சொல்றதுதான் அது. கையெழுத்து விழுந்த அன்னைக்கே ஆளை அனுப்பிடணும்னு எனக்கு உத்தரவு. தேதிக்கு மட்டும் இடம் விட்டு, எட்டு மாசம் முன்னாடியே இதை அடிச்சு வச்சுட்டேன்.”

“தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம இருந்தீங்களாக்கா?”

“சொன்னா என் வேலை போயிடுமே! அவர் உன்கிட்ட சொல்லிடறேன்னு கிளம்பினப்போகூட, ‘என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க’ன்னு கெஞ்சி நிறுத்தினேன்.”

“எவர்?”

அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“காதுக்காரர். முதல் தடவை நீ முடிச்சுக் குடுத்தியே, அன்னைக்கு ‘பிரமாதமாப் பண்ணியிருக்கா, ஒரு குறை இல்லை’ன்னு கையெழுத்துப் போடத்தான் என் மேசைக்கு வந்தார். பக்கத்துல இந்தக் கடிதம் கிடந்தது. படிச்சுப் பார்த்தார். பேனாவை மூடிப் பையில வச்சுக்கிட்டு, ‘சரியில்லைன்னு எழுதிக்கம்மா’ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.”