ஈரம் படாத மெஷின்

“அப்ப, நிஜ மெஷினை நீங்க தொட்டுக்கூடப் பார்க்கலை. அப்படித்தானே?”

விசாரணை அதிகாரியான அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. எதிர் நாற்காலியில் இருந்த இன்ஜினியர் தலையாட்டினான்.

“ஆமா மேடம். கம்ப்யூட்டருக்குள்ளயே அது மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சிருந்தோம். என் புரோகிராமை அதுல ஓட்டித்தான் சோதிச்சேன்.”

பச்சைக் குழந்தைகளுக்கு மூச்சு கொடுக்கும் மெஷின் அது. மூச்சு தடைப்பட்டால் அலாரம் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. நர்ஸ் வந்து பார்த்தபோது குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது.

“கம்ப்யூட்டர்ல அடிச்ச அலாரம் ஆஸ்பத்திரியில ஏன் அடிக்கலை?”

“கம்ப்யூட்டர்ல இருக்கற மெஷின் ரொம்பச் சமத்து மேடம். சூடாகாது, வயர் தளராது, ஈரம் படாது. கேட்டதுக்குச் சரியா பதில் சொல்லும். நிஜத்துல, குழந்தையோட மூச்சுக்காத்து ஈரம் சென்சார்ல படிஞ்சிடுச்சு. கடைசியா அளந்ததையே அது திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்தது. மூச்சு நின்ன பிறகும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு...”



“இப்படி ஆகும்னு தெரியாதா?”

“ஏதாவது ஆகலாம்னு தெரியும். இதுன்னு தெரியாது.”

“அப்புறம் எதுக்கு அனுப்பினீங்க?”

“ஆஸ்பத்திரியில இருந்ததெல்லாம் வேற குழந்தைங்களுக்கு ஓடிட்டிருந்தது. இந்தக் குழந்தை மூச்சுக்குத் தவிச்சுது. கைவசம் இது ஒண்ணுதான் இருந்தது. குழந்தையோட அப்பா கேட்டார்.”

“சோதிக்காத மெஷின்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சே கேட்டாரா? பெத்த மனசா அது?”

இன்ஜினியர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டான்.

“வேற என்ன செய்யறதுன்னு தெரியலை மேடம்.”

“சரி, நீங்க போகலாம்” என்றவர் பியூன் பக்கம் திரும்பினார். “குழந்தையோட அம்மா பேசற நிலைமையில இல்லையாம். அப்பா வந்திருக்கார்னு சொன்னாங்க. அவரை வரச் சொல்லுங்க.”

பியூன் வராந்தாவை எட்டிப் பார்த்தார். “வெளியே யாருமே இல்லையே மேடம்.”

கதவு வரை போயிருந்த இன்ஜினியர் திரும்பி வந்து, அதே நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்தான்.