ஐந்து பாஷைச் செபம்

"உபதேசியாரே, இது மட்டும் காதல் கடுதாசின்னு சொல்லிட்டீயன்னா, வார ஞாயித்துக்கிழமையே கோயில்ல எம் மவளுக்குக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிருவேன். ராஜபாளையம் மில் மேஸ்திரிக்கு ரெண்டாந்தாரம்!"

தேவஇரக்கம் காகிதத்தை நீட்டினார். மகளின் செபப் புத்தகத்துக்குள் அகப்பட்டது. "எவன் குடுத்தான்னு கேட்டா, வாயைத் தொறக்க மாட்டேங்கா."

கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள் அருள்செல்வி. ஊரில் எத்தனையோ பேர் இருக்க, அப்பா இவரைத்தானா கூப்பிட வேண்டும்?

காகிதத்தில் ஐந்து பாஷைகளின் பேர் போட்டு எழுதியிருந்தது ஒரே சொல்தான்; அர்த்தம், நேசிக்கிறேன். லத்தீனில் 'ஆமோ'. லத்தீன் பெற்ற மகள்களில் இத்தாலியன், ஸ்பானிஷ், போர்த்துகீசு மூன்றும் அதே 'ஆமோ'வை அப்படியே வைத்துக்கொண்டன. பிரெஞ்சுக்காரி மட்டும் நறுக்கி 'எம்' என்றாள். கொடுத்தவன் அப்படித்தான் விளக்கியிருந்தான்.

உபதேசியார் ஏசுவடியான் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் லத்தீன் தெரிந்த ஒரே தமிழர் என்று பேர். பூசையில் சாமியார் லத்தீனில் பாடும்போது கண்ணை மூடி ரசித்துத் தலையாட்டுவார். சாமியார் இருமினாலும் ஆட்டுவார்.

காகிதத்தைப் பார்த்தார். அருள்செல்வியைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"தேவஇரக்கம், முழங்கால் போடும்வே!"

"எதுக்கு?"

"அஞ்சு தேசத்துக் கன்னியாஸ்திரியளும் சொல்லுத செபம்வே இது! இதைப் போயி காதல்ங்கீரே, நாக்கு அழுகிராது?"

"ஐயோ ஆண்டவரே! அர்த்தம் என்ன உபதேசியாரே?"

"செபத்துக்கு அர்த்தம் கேக்கப்படாது."

தேவஇரக்கம் சிலுவை போட்டுக்கொண்டு முழங்காலிட்டார். மனைவி ஞானபாக்கியமும் முக்காட்டை இழுத்துவிட்டு முழங்கால் போட்டாள். உபதேசியார் சொல்லச் சொல்ல, "ஆமோ... ஆமோ..." என்று தேவஇரக்கம் தழுதழுத்தார். அருள்செல்வியும் சொன்னாள். இத்தனை மனமுருகி அவள் எந்தச் செபத்தையும் சொன்னதில்லை.

"சட்டம் போட்டு மாட்டப் போறேன்," என்று காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் தேவஇரக்கம்.

உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அருள்செல்வி வாசல்வரை ஓடிவந்தாள்.

"ஐயா, அம்புட்டு அர்த்தமும் தெரிஞ்சுக்கிட்டே என்னையக் காப்பாத்துனீயளே!"

"மெதுவாப் பேசுட்டி," என்றார் உபதேசியார், உள்ளே எட்டிப் பார்த்தபடி. "லத்தீனை எவன் கண்டான்? எம் மவன் கையெழுத்து எனக்குத் தெரியாதா, மருமவளே?"