தள்ளிப்போன புள்ளி

நேர்காணலுக்கு உள்ளே வந்தவரைப் பார்த்ததும் மேடத்தின் முகம் இறுகிவிட்டது.

கடலில் மிதக்கும் பனிக்கட்டியைக் கணினியில் கணித்துச் சொல்லும் ஆய்வுக்கூடம் அது. மேடம்தான் துறைத்தலைவி. ஒரே ஒரு ஆராய்ச்சியாளர் வேலைக்கு நாற்பத்தோரு விண்ணப்பம். தேர்வானால் மேடத்தின் பக்கத்து அறை.

வந்தவர் புது ஆள் இல்லை. ஏழு வருடம் முன்னால் இங்கேயே, மேடத்துக்கு அடுத்த மேஜையில் வேலை பார்த்தவர். 'புள்ளி' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பேர் வந்த கதை இதுதான். கணினி போடும் கணக்கையும் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்வதையும் கலந்துதான் தினமும் பனி வரைபடம் தயாராகும். செயற்கைக்கோள் எவ்வளவு பிழைபடலாம் என்பதற்கு ஒரு எண் உண்டு; அது குறையக் குறையக் கணினி செயற்கைக்கோளை அதிகமாக நம்பும். அது 0.30 என்று இருக்க வேண்டிய இடத்தில், ஒருநாள் 0.03 என்று விழுந்துவிட்டது. செயற்கைக்கோள் சொன்னதைக் கணினி கண்ணை மூடிக்கொண்டு நம்பியது. அதுவோ பனியின் மேல் தேங்கிய உருகுநீரைத் திறந்த கடல் என்று காட்டியிருந்தது. வரைபடத்தை நம்பி உள்ளே போன சரக்குக் கப்பல், இருபத்திரண்டு பேரோடு ஒன்பது நாள் பனியில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

விசாரணை தொடங்கும் முன்பே, தப்பு தன்னுடையது என்று எழுதிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனவர் இவர். அப்புறம் கேன்டீனில் 'தசமப்புள்ளி', 'பெரும்புள்ளி' என்று ஆளாளுக்கு ஒரு கிண்டல். மேடமும் சிரித்திருக்கிறார்.

தேர்வுக்குழுவில் மேடத்தோடு இன்னும் இரண்டு பேர். அவர்கள் கேட்டதற்கெல்லாம் மனிதர் தடுமாறாமல் பதில் சொன்னார். ட்யூஷன் சென்டரில் கணக்கு வாத்தியாராக இருந்தபடியே, வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்த ஆராய்ச்சியை விடாமல் செய்திருக்கிறார். உருகுநீர் ஏமாற்றுவதைக் கண்டுபிடிக்க அவரே ஒரு வழி வைத்திருந்தார். குழுவில் ஒருவர் அதை மறுபடி சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

மேடம் கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"மறுபடியும் அந்த மாதிரி நடக்காதுன்னு எதை வச்சு நம்பறது?"

அவர் கொண்டுவந்த தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டார்.

"என்ன சொன்னா நம்புவீங்கன்னு தெரியலை மேடம். வேலையைக் கொடுத்துப் பாருங்க."

அவர் போனதும் மற்ற இருவரும் இவரையே எடுத்துவிடலாம் என்றார்கள்.

"திறமை இருந்தா போதுமா? பொறுப்பு வேணாமா? இருபத்திரண்டு பேர் உயிரோட விளையாடின ஆளை என் துறைக்குள்ள விட மாட்டேன்," என்றார் மேடம்.

வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது.

கெட்டிக்காரப் பெண். சேர்ந்த மூன்றாவது வாரமே, அந்தப் பழைய கப்பல் விவகாரத்தைப் புது முறையில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று பழைய பதிவுகளைத் தோண்டினாள். ஒருநாள் மத்தியானம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு வந்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் நீட்டினாள்.

எந்த எண்ணை யார், எப்போது மாற்றினார்கள் என்று கணினி தானாகவே குறித்து வைத்திருந்த பட்டியல் அது. அன்றைக்கு யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. ஒருவர் தானே ஒப்புக்கொண்ட பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

0.30 என்பது 0.03 ஆன வரிக்கு நேரே மேடத்தின் பேர் இருந்தது.

ஆறு நாள் கழித்து அதைத் திருத்திய வரிக்கு நேரே 'புள்ளி'யின் பேர்.

மேடம் தேதியைப் பார்த்தார். அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்த வாரம். சாயங்காலம் ஆபீசுக்கு ஓடிவந்து, அரைமணி நேரம் எதையெதையோ தட்டிவிட்டுத் திரும்பி ஓடிய நாள். என்ன செய்தோம் என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குப் போன் செய்தார். மன்னிப்புக் கேட்டார். மேலிடத்தில் உண்மையை எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அவர் உங்கள் இஷ்டம் என்றார். அடுத்த வேலை எப்போது வரும் என்று மேடத்தால் சொல்ல முடியவில்லை. அதற்குள் தனக்கு வயது தாண்டிவிடும் என்று அவரே சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் மேடத்தால் தாங்க முடியவில்லை.

"அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்றதுக்குத்தான் மேடம் உங்க வீட்டுக்கு வந்தேன். வாசல்ல அப்பதான் உங்கம்மாவை எடுத்துக்கிட்டு இருந்தாங்க."