சூடம் அணைத்து வாங்கிய ரிலே

“அண்ணாச்சி, இதுல ஒண்ணுகூட ஓடாது. சும்மா பாக்கத்தான் ஆகும். பொறவு என்னைக் கொறை சொல்லப்பிடாது.”

இசக்கிசெல்வி இப்படிச் சொன்னதும் பஞ்சுவுக்குச் சிரிப்பு வந்தது. விற்கிற பொருளைத் தானே மட்டம் தட்டும் ஆளை அவன் தாராவியில் இன்றுதான் பார்க்கிறான்.

“ஓட வேண்டாம் தங்கச்சி. செம்பூர்ல ஹோட்டல் தொறக்கேன். பழைய காலத்துச் சாமான்னு கண்ணாடி ஷோகேஸ்ல அடுக்கி வைக்கத்தான்.”

ஹோட்டலும் இல்லை, ஷோகேஸும் இல்லை. பஞ்சுவுக்கு இருந்ததெல்லாம் குர்லாவில் ஒரு காயலான் கடை.

இசக்கிசெல்வியின் அறை முழுக்கப் பழைய லிஃப்ட் ரிலேக்கள். முந்நூறுக்குக் குறையாது. உள்ளங்கை அளவுத் தகர மூடிக்குள் அடங்கிய மின்சார ஸ்விட்சுகள். மாதுங்காவில் பழைய கட்டடங்களுக்கு லிஃப்ட் மாற்றும்போதெல்லாம் அவள் கணவன் கழற்றிவந்து சேர்த்தவை. இப்போது ஐரோலியில் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது. விற்று இடத்தைக் காலி செய் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

இந்தப் பழைய ரிலேக்களின் உள்ளே, மின்சாரம் தொட்டுப் போகும் முனைகளில் வெள்ளிப் பொட்டுகள் இருக்கும். அது பஞ்சுவுக்குத் தெரியும். வீட்டில் சோறு பொங்குகிறவளுக்கு என்ன தெரியப்போகிறது? அந்தத் தைரியத்தில்தான் மனைவி மாலதியின் சங்கிலியை அடகு வைத்துவிட்டு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் கழுத்துக்குத் திரும்பிவிடும் என்று அவளுக்கு வாக்கும் கொடுத்திருந்தான்.

ஒன்றையாவது திறந்து பார்க்கக் கை பரபரத்தது. திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அடக்கிக்கொண்டான்.

இசக்கிசெல்வி டீ போட எழுந்து போனாள். காலில் கொலுசு கலகலத்தது. ஆளைக் குளிர வைப்பதில் பஞ்சு கெட்டிக்காரன். கொலுசு லட்சணமாக இருக்கிறதே, புதுசா என்று கேட்டான். போன மாசம்தான் செய்தது என்று அவள் அடுப்படியிலிருந்தே வெட்கத்தோடு சொன்னாள்.

டீயைக் கையில் கொடுத்த பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“அவுக பிள்ளை மாதிரி வச்சிருந்த சாமான், அண்ணாச்சி. மூடியத் தொறக்க மாட்டேன், ஒடைக்க மாட்டேன்னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. எல்லாத்தையும் குடுத்துருதேன்.”

ப்பூ, இவ்வளவுதானா என்று பஞ்சு எழுந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று பார்க்க, இசக்கியம்மன் படத்தின் முன் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். அவள் கேட்ட விலையைப் பேரமே பேசாமல் எண்ணிக் கொடுத்தான். டெம்போவில் ஏற்றி முடிக்கும்வரை சந்தோஷம் முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ள அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

குர்லாவுக்கு வந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு முதல் ரிலேயின் மூடியைத் திறந்தான்.

வெள்ளிப் பொட்டு இருக்க வேண்டிய முனை மொட்டையாக இருந்தது. அடுத்ததைத் திறந்தான். அதுவும் மொட்டை. முப்பதாவதைத் திறக்கும்போது சட்டை நனைந்துவிட்டது. மாலதியின் வெறுங்கழுத்து கண்ணுக்குள் வந்து நின்றது.

ஏமாற்றுக்காரி, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று போனை எடுத்தான். நம்பரைத் தொடப்போன விரல் பாதியில் நின்றுவிட்டது. என்னவென்று கேட்பது? மூடியைத் திறந்து பார்த்தேன் என்றா? ஓடாது, பார்க்கத்தான் ஆகும் என்று அவள் முதலிலேயே சொல்லியாயிற்றே.

அதற்குள் போன் அடித்தது. இசக்கிசெல்விதான்.

“அண்ணாச்சி, ஷோகேஸ்ல அடுக்கியாச்சா?”

நடந்துகொண்டே பேசுகிறாள் போலிருக்கிறது. பஞ்சு தேடிய வெள்ளி அத்தனையும் போனுக்குள் கலகலவென்று கேட்டது.